இலங்கையில் மருத்துவ பீடத்துக்குப் போக இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்தல் புள்ளி) காணாத மகளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்ப, முகவர் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரைத் தந்திருக்கிறார். அனுப்ப முதல் எதைப் பார்க்க வேணும்?

முகவர் தந்த மூன்று பெயர்களையும் ஒப்பிட முதல், மகள் பிறகு எந்த நாட்டில் வைத்தியராக இருக்கப் போகிறா என்பதைத் தீர்மானியுங்கோ. இலங்கைக்குத் திரும்புவதென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்க வேணும். பட்டத்தோடு வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியராகப் பதிய எழுதும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் எழுத வேணும். உயர்தரப் பெறுபேற்றுக்கும் குறைந்தபட்சத் தகுதி உண்டு. பல்கலைக்கழகம் இடம் தந்துவிட்டது என்பது சபைக்குக் கணக்கில்லை. அங்கீகாரம், உயர்தரத் தகுதி இரண்டையும் சபையிடமே கேட்டு எழுத்தில் எடுங்கோ. ஒரே நகரத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு நிறுவனம் இருக்கலாம். அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாய் ஒத்துப் பாருங்கோ.

உலக மருத்துவப் பள்ளிகள் கோவையில் பெயர் இருக்கிறது என்று முகவர் காட்டுவார். அது வெறும் விவரக் கோவை, தரச் சான்று இல்லை. ஆனால் அமெரிக்கா, கனடா எண்ணம் இருந்தால் அதே பக்கத்தில் ஈ.சி.எஃப்.எம்.ஜி. (வெளிநாட்டில் படித்த வைத்தியர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பு) குறிப்பும் கனடாக் குறிப்பும் இருக்கும், கட்டாயம் வாசியுங்கோ. லண்டன் என்றால் பிரித்தானிய மருத்துவ சபையான ஜி.எம்.சி.யின் விதிகள் தனி.

என்னைக் கேட்டால் முழுக் கவனமும் போக வேண்டிய இடம் வார்ட்தான். ஆங்கில மூலம் என்ற விளம்பரம் விரிவுரை மண்டபத்தோடு முடிந்துவிடும். ரஷ்யாவில் நோயாளி தன் வருத்தத்தை ரஷ்ய மொழியில்தான் சொல்லுவார். சீனாவில் மருத்துவமனைப் பயிற்சிக்கு முதல் எச்.எஸ்.கே. என்ற சீன மொழிப் பரீட்சையில் நான்காம் நிலை கேட்பதும் இதனால்தான். மொழி வராத பிள்ளை வைத்தியருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வரும். ஈ.ஆர்.பி.எம்.மில் எழுத்துப் பகுதியைத் தாண்டியவர்களும் நோயாளியை நேரே பரிசோதிக்கும் பகுதியில் தடுமாறுவது இங்கேதான் தொடங்குகிறது. வங்காளதேசத்திலும் மொழி வேறுதான், ஆனால் டெங்கு போல நம் வார்ட்டில் காணும் நோய்களை அங்கேயும் காணலாம். சட்ட மருத்துவமும் சமூக மருத்துவமும் பாடத்திட்டத்தில் எவ்வளவு இருக்கிறதென்று தனியாகக் கேளுங்கோ. இங்கே அடிபட்டு வருபவருக்குச் சட்ட மருத்துவ அறிக்கை எழுதுவது சாதாரண மருத்துவ அதிகாரியின் வேலை.

முகவர் அறிமுகப்படுத்தும் மாணவர் வேண்டாம். நான்காம், ஐந்தாம் வருடத்தில் படிக்கும் எங்கட பிள்ளை ஒன்றை நீங்களே தேடிப் பிடியுங்கோ. ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறீர்கள், நோயாளியின் விவரத்தை நீயே கேட்டு எழுதுகிறாயா, பிரசவ அறைக்குள் விடுகிறார்களா, போன பாட்ச்சில் யார் ஈ.ஆர்.பி.எம். தாண்டினார்கள்? மழுப்பினால் அதுவும் பதில்தான்.

கணக்கை டொலரில் போடுங்கோ. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயில் திட்டமிட்ட குடும்பங்கள் நடுவழியில் திணறின. வருடா வருடம் கட்டணம் கூடுமா, ஒரு பாடம் தவறினால் அந்த வருடத்துக்கு மறுபடி கட்ட வேணுமா என்பதையும் கேளுங்கோ. கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேரே அனுப்புங்கோ, முகவரின் கணக்குக்கு இல்லை. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை முதல் தவணை கட்ட முதலே எழுதி வாங்குங்கோ.