காசு இருக்கிறது, எந்த லேப்டாப் வாங்குவது?

கேள்வி: இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்கிறேன். லேப்டாப்புக்காக வீட்டில் தாராளமாகவே பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். "ஒரே தடவை, நாலு வருஷத்துக்கும் தாங்குற மாதிரி வாங்கிக்கோ" என்கிறார் அப்பா. 18 அங்குலத் திரையும் இருப்பதிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கேமிங் லேப்டாப் மீது எனக்கு ஆசை. மேக்புக் புரோதான் சரி என்கிறான் அண்ணன். கொஞ்சம் கேமும் ஆடுவேன். எதை வாங்கலாம்?

பதில்: என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம்.

அண்ணன் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும். மேக்புக் புரோவில் குறை சொல்ல அதிகமில்லை. பேட்டரி வகுப்பு முடியும்வரை நிற்கும், ஃபேன் ஓடுவதே பெரும்பாலும் தெரியாது. வீடியோ எடிட்டிங் படிக்கப் போகிறவர் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். நீங்கள் சேர்வதோ மெக்கானிக்கல். பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். சிமுலேஷன் போடும் அன்சிஸுக்கு மேக் பதிப்பு கிடையாது. இன்டெல் சிப் இருந்த காலத்தில் மேக்கிலேயே பூட் கேம்ப் வழியாக விண்டோஸைப் போட்டுக்கொண்டார்கள். 2020 கடைசியில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியதும் அந்த வழி அடைபட்டது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருளைப் போட்டு ஏதோ ஒருவிதமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளில் அது மக்கர் பண்ணினால் யாரிடம் போய்க் கேட்பது? இதே காரணத்துக்காக, ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளையும் விட்டுவிடுங்கள். அவை விண்டோஸ்தான் என்றாலும் பொறியியல் மென்பொருள்களும் ஆய்வகக் கருவிகளின் டிரைவர்களும் அவற்றில் ஓடும் என்று நம்பி வாங்க முடியாது. இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். 18 அங்குல கேமிங் லேப்டாப் என்றால் எடை மூன்று கிலோவைத் தாண்டும். அதன் சார்ஜர் 330 வாட்ஸைக்கூடத் தாண்டலாம், அதுவே கிட்டத்தட்ட ஒரு கிலோ. சார்ஜரை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், பேட்டரியில் ஓடும்போது அந்தப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்காது, வேகம் பாதியைவிடவும் கீழே இறங்கிவிடும். பேட்டரியைப் பெரிதாக்கவும் வழியில்லை. விமானத்தில் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்மணிதான் வரம்பு, அதனால் எவ்வளவு விலை கொடுத்தாலும் 99 சொச்சத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வகுப்பில் பிளக் பாயின்ட் பக்கத்தில் இடம் பிடிப்பதே தினசரி வேலையாகிவிடும். இப்படிப்பட்ட லேப்டாப்புகள் பெரும்பாலும் இரண்டாவது மாதத்திலேயே அறை மேசையோடு ஒட்டிக்கொள்கின்றன. மேசையிலேயே இருக்கப் போகிறதென்றால் அதைவிடக் குறைந்த விலையில் அதைவிட வேகமான டெஸ்க்டாப் கிடைக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். டெஸ்க்டாப்பில் வரும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 24 ஜிபி நினைவகம், அதே பெயரில் லேப்டாப்பில் வருவதில் 16 ஜிபிதான். சிப்பே வேறு, பெயர் மட்டும் ஒன்று. லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு சங்கதி உண்டு. ஒரே 4070-ஐ ஒரு நிறுவனம் 35 வாட்ஸில் ஓட்டலாம், இன்னொன்று 115 வாட்ஸில் ஓட்டலாம். இரண்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். எத்தனை வாட்ஸ் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராது, ஸ்பெக் பட்டியலின் அடியில் தேடிப் பார்க்க வேண்டும். அடுத்த வரிசையில் 5060, 5070 இரண்டுக்கும் லேப்டாப்பில் 8 ஜிபிதான், 5070 டிஐ-க்குப் போனால்தான் 12 ஆகிறது. காசு கொடுத்து ஒரு படி ஏறுவதென்றால் அந்தப் படியில் ஏறுங்கள். அதற்கு மேலே உங்கள் படிப்புக்குத் தேவையில்லை.

ஏன் தேவையில்லை என்றால், சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை வரையும்போது பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு கோர்தான் உழைக்கும். 24 கோர் இருந்தாலும் மற்றவை வேடிக்கை பார்க்கும். ரெண்டரிங்கிலும் சிமுலேஷனிலும்தான் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அன்சிஸின் இலவச மாணவர் பதிப்பில் கணக்கின் அளவுக்கே வரம்பு இருக்கிறது. ராட்சத லேப்டாப் வைத்திருந்தாலும் ராட்சதக் கணக்கைப் போட அது விடாது.

சரி, எதை வாங்குவது? 14 அல்லது 16 அங்குலம், இரண்டு கிலோவுக்குள், நடுத்தர என்விடியா கார்டு, 32 ஜிபி ராம். இந்த ராமில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், அப்புறம் கூட்ட முடியாது. எஸ்எஸ்டி அப்படியல்ல, பெரும்பாலானவற்றில் கழற்றி மாற்றலாம். ஆகவே 1 டிபி போதும், 4 டிபிக்கு நிறுவனம் கேட்கும் கூடுதல் விலை வீண். அசூஸின் ஸெஃபைரஸ் ஜி14 (சுமார் ஒன்றரை கிலோ), கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஜி16, கேம் முக்கியமில்லை என்றால் லெனோவாவின் திங்க்பேட் பி வரிசை. இந்த ரகத்தில் தேடுங்கள். நீங்கள் ஆடும் கேமும் இவற்றில் தாராளமாக ஓடும்.

திரை 16:10 அளவில் இருந்தால் வரைபடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம் கிடைக்கும். ஓஎல்இடி வகைத் திரையில் நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் கேட் (CAD) எனும் வரைபட மென்பொருளின் டூல்பார் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் நாளடைவில் தடம் விழ வாய்ப்புண்டு. நான் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லாத நல்ல ஐபிஎஸ் (எல்சிடி வகை) திரையாகப் பார்த்து வாங்குவேன். 4கே வேண்டவே வேண்டாம், பேட்டரியைத் தின்னும். யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஆகிறதென்றால், பெரிய சார்ஜர் அறையிலேயே கிடக்கும், பைக்குச் சின்னது போதும்.

அப்பா சொல்லும் நாலு வருஷக் கணக்கை நான் வேறு விதமாகப் போடுவேன். ஒதுக்கிய பணம் முழுவதையும் முதல் நாளிலேயே லேப்டாப்பில் போடாதீர்கள். விழுந்து உடைந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் பார்த்துக்கொள்ளும் நீட்டித்த வாரன்டி எடுங்கள். விடுதி வாழ்க்கையில் இரண்டும் நடக்கும். அறையில் வைக்க 27 அங்குல மானிட்டர் ஒன்று, பேக்கப் எடுக்க வெளியே செருகும் டிஸ்க் ஒன்று. பெரிய திரை ஆசையும் இதிலேயே தீர்ந்துவிடும். மிச்சத்தை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி மாற்ற வேண்டியிருக்கலாம். அதைத் தள்ளிப்போட, அறையில் பிளக்கிலேயே வைத்திருக்கும் நாட்களில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி செட்டிங்கில் வைத்துவிடுங்கள்.

முடிந்தால் வகுப்பு தொடங்கி, துறையில் என்னென்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று சீனியர்களிடம் விசாரித்த பிறகே வாங்குங்கள். முதல் ஆண்டில் பெரிதாக எதுவும் தேவைப்படாது. வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு மணி நேரம் கடினமான வேலை கொடுத்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஓர் இரவு மூடிப் பைக்குள் வையுங்கள். காலையில் சூடாக இருந்து பேட்டரியும் இறங்கிப்போயிருந்தால், ஸ்லீப்பில் கோளாறு. முதலில் அப்டேட் எல்லாம் போட்டுப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் திருப்பிவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.