ஸ்காட்லாந்துப் போர்வீரர் நினைவு: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

இரு உலகப் போர்களிலும் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் படைவீரர்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடையளித்துள்ளேன். ஒரே பொருள் குறித்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, முதல் உலகப் போரில் இறந்த ஸ்காட்லாந்தினரின் தொகை ஓரிடத்தில் 74,000 என்றும் வேறோரிடத்தில் 1,47,000 என்றும் காணப்படுகிறது. எதை நம்புவது?

பதில்: யாரை ஸ்காட்லாந்தினர் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே தொகை மாறுகிறது. போருக்குப் பின் அரசு கூறிய கணக்கு 74,000. எடின்பரோ கோட்டைக்குள் 1927 ஜூலை 14 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் பெயரேடுகளை ஒட்டியது இரண்டாவது தொகை. ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களோடு, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டுப் படையில் சேர்ந்து மாண்டவர்களும், ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளில் பணியாற்றிய பிறரும் அவ்வேடுகளில் இடம்பெற்றுள்ளனர். நினைவுகூர்வதற்கு அந்த விரிந்த கணக்கே பொருத்தமானது. ஆனால், அதை ஸ்காட்லாந்தின் மக்கள்தொகையால் வகுத்து இழப்பு விகிதம் சொல்வது பிழையென்பேன்.

ராபர்ட் லாரிமர் வடிவமைத்த அந்த நினைவகத்தில், கோட்டை நிற்கும் பாறையே தரையைப் பிளந்துகொண்டு மேலெழுந்து நிற்க, அதன்மேல் மாண்டோரின் பெயர்களடங்கிய எஃகுப் பேழை வைக்கப்பட்டிருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றோடு, சுரங்கம் தோண்டியவர்களுடன் நிலத்தடியில் இருந்த எலிக்கும் கேனரிப் பறவைக்கும் அங்கே சிற்பம் உண்டு. செல்பவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பிரான்சில் நடந்த லூஸ் போரை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் இன்றும் தனியாக நினைவுகூர்வது ஏன்?

பதில்: அன்றைய பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் ஊர்வாரியாக ஆள் சேர்த்தன. பிளாக் வாட்ச் படைப்பிரிவின் 4ஆம் பட்டாலியன் டண்டீயின் சொந்தப் பட்டாளம் என்றே அழைக்கப்பட்டது. ஒரே தெருவில் வளர்ந்தவர்களும் ஒரே சணல் ஆலையில் வேலை பார்த்தவர்களும் அதில் அருகருகே நின்றார்கள். 1915 செப்டம்பர் 25 அன்று அது லூஸில் தாக்குதலில் இறங்கியபோது, 20 அதிகாரிகளில் 19 பேரும் மற்ற வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோரும் மாண்டனர் அல்லது காயமுற்றனர். ஊர்வாரியாகச் சேர்த்ததன் விலை இதுதான்: இழப்பு நாடெங்கும் பரவாமல் ஒரே நகரத்தின் மேல் ஒரே நாளில் விழுந்தது. டண்டீயின் நடுவே உள்ள லா குன்றின் உச்சியில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தின் விளக்கு ஆண்டுதோறும் அந்தத் தேதியில் ஏற்றப்படுகிறது.

அதே நாளில்தான் பிரிட்டிஷ் படை முதன்முறையாக விஷவாயுவைப் பயன்படுத்தியது. காற்று ஒத்துழைக்காததால் சில இடங்களில் அது சொந்த வீரர்கள்மீதே திரும்பி வந்தது. வாயுவால் நிலைகுலைந்திருந்தவர்களை ஊக்குவிக்க, பதுங்குகுழியின் மேல்விளிம்பில் ஏறி நின்று, குண்டுகளுக்கு நடுவே பேக்பைப் என்னும் துருத்தி இசைக்கருவியை வாசித்தார் டேனியல் லெய்ட்லா. காலில் காயம்பட்ட பின்னும் அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. அதற்காக அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

கேள்வி: கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை அணிந்தா உண்மையில் போரிட்டார்கள்?

பதில்: முதல் உலகப் போரில் ஹைலேண்ட் என்னும் வடக்கு மலைநாட்டுப் படைப்பிரிவினர் அப்படித்தான் போரிட்டார்கள், நிறம் எதிரிக்குத் தெரியாதிருக்க மேலே காக்கித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதன் மடிப்புகளில் பேன் அடைந்தது. சேற்றில் நனைந்து உறைந்த விளிம்பு முழங்காலின் பின்புறத்தைக் கீறியது. மஸ்டர்டு வாயு வந்தபின் திறந்திருந்த தொடைகள் வெந்தன. இரண்டாம் போர் தொடங்கியபோது கில்ட் போர்க்கள உடையிலிருந்து நீக்கப்பட்டது. ஓவியங்களில் காணும் கம்பீரத்தை மட்டும் வைத்து அந்த உடையை மதிப்பிடுவது சரியன்று.

கேள்வி: போரில் மாண்டோர் நினைவாக அணியும் காகிதப் பாப்பி மலர், ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தினுடையதிலிருந்து வேறானதா?

பதில்: ஆம். அதற்கு நான்கு இதழ்கள், இலை கிடையாது. முதல் போரில் பிரிட்டிஷ் தளபதியாயிருந்த ஹேக்கின் மனைவி லேடி ஹேக் எடின்பரோவில் 1926இல் தொடங்கிய தொழிற்கூடத்தில், போரில் உடல் ஊனமுற்றவர்கள் அதைச் செய்தார்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் 51ஆவது ஹைலேண்ட் டிவிஷன் சரணடைந்ததைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லையே?

பதில்: வெளியே, பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படைகளைக் கடல்வழியே மீட்டதன் புகழ் இதை மறைத்துவிட்டது, ஸ்காட்லாந்தின் வடபகுதியில் மறக்கப்படவில்லை. டன்கர்க்கிலிருந்து படைகள் மீட்கப்பட்ட பின்னும் இந்த டிவிஷன் பிரெஞ்சுத் தலைமையின் கீழ் போரிட்டுக்கொண்டிருந்தது. 1940 ஜூன் 12 அன்று, செயின்ட் வாலரி-அன்-கோ என்ற சிறு துறைமுகத்தில், கப்பல்கள் நெருங்க முடியாத நிலையில், தளபதி விக்டர் ஃபார்ச்சூன் ஜெர்மன் தளபதி ரோமெலிடம் சரணடைந்தார். ஏறத்தாழ 10,000 பேர் ஐந்தாண்டுகள் சிறையிருந்தனர். சிறைமுகாமில் அவர்கள் அமைத்த ஒரு நடனம் ஸ்காட்லாந்துத் திருமண வீடுகளில் இன்றும் ஆடப்படுகிறது. புதிதாக அமைக்கப்பட்ட அதே டிவிஷன் எகிப்தின் எல் அலமெயினில் போரிட்டு, 1944 செப்டம்பரில் செயின்ட் வாலரியையும் மீட்டது.

கேள்வி: இவ்வீரர்களின் வரலாறு தமிழர் வரலாற்றோடு எங்கேனும் சந்திக்கிறதா?

பதில்: மலாயாவில் சந்திக்கிறது. ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸின் 2ஆம் பட்டாலியன் 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படையால் சிதறடிக்கப்பட்டது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது அதில் எஞ்சியவர்களும் கார்டன் ஹைலேண்டர்ஸும் கைதிகளானார்கள். அவர்களில் பலர் ஜப்பானியர் அமைத்த சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அதே பாதையில் உழைத்து ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் ஸ்காட்லாந்து வீரனுக்குப் பெயரும் படைப்பிரிவின் சின்னமும் பொறித்த கல் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய கல் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த நினைவுரையும் அரைகுறை என்பதே என் கருத்து.

கேள்வி: ஊட்டியில் பழைய பொருள் கடையொன்றில் வெள்ளிப் பதக்கம் ஒன்று வாங்கினேன். ஸ்காட்லாந்து வீரருடையது என்கிறார் கடைக்காரர். எப்படி உறுதிசெய்வது?

பதில்: பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கமாயின் அங்கே எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போருக்கான பதக்கங்களைப் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். ஆகவே அதில் பெயரில்லாவிட்டால் கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இராது. பெயர் கிடைத்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில் தேடலாம். பணிக்கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனதால், இந்த அட்டைதான் பலருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று. அவர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலிலும் கிடைப்பார். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எத்தனையோ மெக்டொனால்டுகள் வருவார்கள். படை எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.