டிப்ஸ்டிக் டியூபில் விரிசல் விட்டால் அறுத்து இறக்கலாமா?

கேள்வி: எங்களிடம் கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் போட்ட டாடா 2518 லாரி இருக்கிறது. ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக் டியூப், பிளாக்கில் நுழையும் இடத்தில் விரிசல் விட்டுக் கசிகிறது. விரிசல் விட்ட நுனியை அறுத்துவிட்டு மீதியை அடித்து இறக்கிவிடலாம், ஒரு இஞ்ச்தான் குறையும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? புதிது போட்டால், எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டுமா? (சங்ககிரி வாசகர்)

பதில்: அறுக்க விடாதீர்கள். டிப்ஸ்டிக்கின் தலை டியூபின் வாயில்தான் உட்காருகிறது. வாய் ஒரு இஞ்ச் கீழே போனால் கம்பியும் ஒரு இஞ்ச் ஆழமாக இறங்கும். அப்போது ஆயில் குறைவாக இருந்தாலும் கம்பி ஃபுல் காட்டும். இந்த அளவு எஞ்சின் சம்ப்பில் ஒரு இஞ்ச் என்பது சில லிட்டர். தினமும் காலையில் ஒழுங்காக ஆயில் பார்க்கும் டிரைவரே, தெரியாமல் பேரிங்கை உருக்கிவிடுவார். நீளமான டியூப் போட்டால் இதற்கு நேர்மாறு: கம்பி குறைவாகக் காட்டும், டிரைவர் மேலும் மேலும் ஊற்றுவார், கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். அதனால் எஞ்சின் நம்பரைச் சொல்லி அதற்குரிய டியூபையே வாங்குங்கள். புதுப்பேட்டை மாதிரி பழைய ஸ்பேர் சந்தையில் எடுப்பதானால் டியூபையும் கம்பியையும் ஜோடியாக, அதே மாடல் எஞ்சினிலிருந்து கழற்றியதாகப் பார்த்து எடுங்கள்.

சம்ப்பைக் கழற்றத் தேவையில்லை. இந்த எஞ்சினில் டியூப் பிளாக்கில் இறுக்கமாக அடித்து இறக்கப்பட்டிருக்கும். அந்தத் துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், வண்டி சமதளத்தில் நின்றால் டியூபை உருவியதும் ஆயில் கொட்டாது. ஆனாலும் ஆயில் மாற்றும் நாளிலேயே வேலையை வைத்துக்கொள்வது நல்லது. காரணம் கடைசியில் வருகிறது.

எஞ்சின் ஆறட்டும். டயருக்குக் கட்டை போட்டு, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். செல்ஃப் மோட்டார் டியூப் இருக்கும் பக்கமே இருந்தால் அதன் பெரிய டெர்மினலில் சாவி ஆஃப் செய்தாலும் கரண்ட் இருக்கும்; ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். டியூபைச் சுற்றியுள்ள பிசுக்கை டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, காற்றடித்துக் காய விடுங்கள். இதைச் செய்யாமல் டியூபை அசைத்தால் அந்த மண் முழுக்க சம்ப்புக்குள் போகும்.

நடுவில் உள்ள கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி, வைஸ் கிரிப்பால் பிடித்து இடமும் வலமும் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். உங்கள் டியூப் ஏற்கெனவே விரிசல் விட்டிருப்பதால் அநேகமாக முறிந்து, அடித்துண்டு துளைக்குள்ளேயே தங்கிவிடும். பதற வேண்டாம். ஆனால் அதை டிரில் போட்டு எடுக்க யாரையும் விடாதீர்கள், இரும்புத் தூள் நேராக ஆயிலில் விழும். துண்டின் உள்வாயைவிடச் சற்றே பெரிய, மரை வெட்டும் டேப் ஒன்றின் பற்கள் நிறைய கிரீஸ் அப்பிக்கொண்டு, கையால் மெதுவாக மரை வெட்டுங்கள். தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை வெளியே எடுத்துத் துடையுங்கள். நான்கைந்து மரை விழுந்ததும் நட்டு மாட்டிய நீளமான போல்ட்டை முறுக்கி, பழைய சாக்கெட் ஒன்றை முட்டுக்கொடுத்து, நட்டை இறுக்கினால் துண்டு போல்ட்டோடு மேலே ஏறி வரும். கீழ்நோக்கி மட்டும் தட்டாதீர்கள். துண்டு உள்ளே விழுந்துவிட்டால் சம்ப்பை இறக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

புது டியூபுக்குத் துளையில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. பனியன் வேஸ்ட்டில் நூல் பிரியும். நூல் பிரியாத துணியில் பெட்ரோல் தொட்டுத் துடையுங்கள். டியூபின் அடிப்பகுதியில், நுனியிலிருந்து கொஞ்சம் மேலே, பேரிங் ஒட்டும் வகை லாக்டைட் பசையை மெல்லிய வளையமாகத் தடவினால் போதும். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பும் பழக்கம் நம் பட்டறைகளில் அதிகம். உள்ளே பிதுங்கிய சிலிக்கான் உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கிளாம்ப் போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, திசை சரியா என்று பார்த்துவிட்டு, டியூபில் உள்ள விளிம்பு வளையத்தின் மேல் ஒரு பைப் துண்டை வைத்து, வளையம் பிளாக்கில் முட்டும்வரை தட்டுங்கள். வாயில் சுத்தியல் படவே கூடாது. அப்புறம் கிளாம்ப்பை முழுதாக இறுக்குங்கள். இந்த டியூப்கள் அடியில் விரிசல் விடுவதற்குப் பெரும்பாலும் இந்த போல்ட் தொலைந்துபோனதுதான் காரணம்: பிடிமானம் இல்லாமல் நாள் முழுக்க ஆடி ஆடி, அடியில் இரும்பு களைத்துப்போகிறது. உங்கள் வண்டியில் அது இருந்ததா என்று பாருங்கள்.

லாக்டைட் முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். பிறகு பழைய ஆயிலை வடித்து ஃபில்டரை மாற்றி, மேனுவலில் சொன்ன அளவை லிட்டர் கேனால் அளந்து ஊற்றுங்கள். சில நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துக் கம்பியைப் பாருங்கள். ஃபுல் கோட்டில் நின்றால் சரி. இப்படி அளந்து சரிபார்க்கத்தான் ஆயில் மாற்றும் நாளில் வேலையை வைக்கச் சொன்னேன். இல்லையென்றால் முதலில் டியூப் முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். இறங்கியும் பொருந்தவில்லையா? ஆயில் நின்ற இடத்தில் அரத்தால் புதுக் கோடு போட்டு, அதே தூரத்துக்கு லோ கோட்டையும் நகர்த்துங்கள். வண்டியைக் கொடுக்கும்போது டிரைவரிடம் எந்தக் கோடு சரி என்று காட்டிவிடுங்கள்.