ஆறடி மீன் தொட்டிக்கு ஃபில்டரை வீட்டிலேயே செய்ய முடியுமா? கடையில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை

முடியும். என் வீட்டில் 2017-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் தொட்டியை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகுதான் நீங்கள் ஃபில்டர் விலையை விசாரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். பெரம்பூரில் முதல் மாடி வீடு. தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். தளும்பத் தளும்ப நிரப்பினால் 680 லிட்டர். உள்ளே ஐந்து ஆஸ்கர் மீன்கள்.

கம்பெனி ஃபில்டர் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் 'வீட்டில் செய்வதெல்லாம் ஒட்டு வேலை, மீன்தான் சாகும்' என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்வது பெட்டி இல்லை, பெட்டிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடமும், பிராணவாயு உள்ள ஓடும் தண்ணீரும்தான். அந்த இடத்தைப் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் கொடுக்கும். கம்பி நார் வேண்டாம், சோப்பு சேர்த்தது கூடவே கூடாது.

நான் செய்தது சம்ப் ஃபில்டர். சம்ப் என்றதும் நம் ஊரில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வரும். இது மீன் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் இன்னொரு தொட்டி. என்னிடம் 130 லிட்டர் பிடிக்கும் பழைய மூன்றடி தொட்டி இருந்தது. சிலிகான் போட்டுக் குறுக்கே கண்ணாடி ஒட்டி மூன்று அறையாகப் பிரித்தேன். முதல் அறையில் பஞ்சு, இரண்டாவதில் ஐந்து டஜன் நார், மூன்றாவதில் மோட்டார். மேல் தொட்டியின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே துளை போட்டு, அதில் குழாயைக் கசியாமல் பொருத்தும் டேங்க் நிப்பிள் மாட்டி, ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாயில் தண்ணீரை இறக்கினேன். மேலே ஏற்றும் குழாய் முக்கால் இஞ்ச். இறங்கும் குழாய் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்.

மோட்டார் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். நாலரை அடி உயரம் ஏறும்போது நிறையக் குறைந்துவிடும். என் மோட்டார் 20 லிட்டர் கேனை நிரப்ப 25 விநாடி எடுத்தது. அதாவது மணிக்கு 2,880 லிட்டர், தொட்டித் தண்ணீர் நான்கு தடவை சுற்றி வரும். அது போதும்.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீங்கள் படக்கூடாது என்பதற்காக. முதல் வாரமே ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. காலிங் பெல்லும் அடிக்காது, கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "தம்பி, உங்க வீட்டுத் தண்ணி படியில இறங்குது." ஹாலில் கால் வைத்தால் கணுக்கால் சில்லென்றது. மேலே ஏற்றும் குழாயின் வாயை அரையடி ஆழத்தில் விட்டிருந்தேன். மோட்டார் நின்றதும் அதே குழாய் தண்ணீரைக் கீழே உறிஞ்சிவிட்டது. அரையடி என்றால் 170 லிட்டர். பாதி நிறைந்திருந்த சம்ப் எப்படித் தாங்கும்? நூறு லிட்டருக்கு மேல் தரையில். நானும் மனைவியும் விடிய விடியத் துணி பிழிந்தோம்.

அதற்கு மருந்து ஒரு சின்னத் துளை. ஏற்றும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மில்லிமீட்டர் துளை போட்டேன். மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். பாசி அடைக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊக்கால் குத்திவிடுகிறேன். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை நம்ப வேண்டாம், ஒரு துரும்பு சிக்கினால் அது மூடாது. மீன் விடுவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சம்ப் எதுவரை நிறைகிறது என்று பார்த்து, வழியாத அளவுக்கு ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஊற்றாதீர்கள்.

அடுத்த தவறுக்கு ஒரு மீனைப் பறிகொடுத்தேன். 2018 போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்த வேகத்தில் நார் எல்லாவற்றையும் மெட்ரோ வாட்டர் குழாயில் பளிச்சென்று கழுவிவிட்டேன். அதில் இருந்த குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்கர்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்து விரிந்திருந்தது. பாதித் தண்ணீரை மாற்றியும் பெரியது பிழைக்கவில்லை. என் மகள் கையால் சாப்பிட்ட மீன் அது. இப்போதெல்லாம் மாதத்துக்குப் பாதி நார் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுகிறேன். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடாமல் ஊற்றுவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது, எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் என் தொட்டியைத்தான் முதல் குற்றமாக வைத்தார்கள். வாரம் 150 லிட்டர் மாற்றியதை நான் அதற்கு முன்பே 80 ஆகக் குறைத்திருந்தேன். அந்தத் தண்ணீரும் செடிக்கும் கழிவறைக்கும்தான் போனது. லாரித் தண்ணீரில் குழாய் பிடித்துக் கார் கழுவியவரை ஒருவரும் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன். ஃபில்டர் ஓடத் தொடங்கி நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் பாக்டீரியா நிலைக்க. அதுவரை ஒன்றிரண்டு சின்ன மீன், குறைந்த தீனி. துளை போடுவதற்கு முன் தொட்டி டஃபன்ட் கண்ணாடியா, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியா என்று விற்றவரிடம் கேளுங்கள். அதில் துளை போட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடிதான் என்றால் ஸ்டாண்டின் உயரத்தைக் கீழே எழுதுங்கள், குழாய் அளவு சொல்கிறேன்.