காய்த்த மரத்தின் பழத்தை முதலில் பறியுங்கள் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சட்ஸ்வொர்த், பேவியூவில் இருக்கிறோம். எங்கள் தெருவில் மா, லிச்சி, அவகாடோ இல்லாத வீடு குறைவு. டிசம்பர் வந்தால் பழம் விழுந்து விழுந்து நடைபாதையெல்லாம் அழுகிக் கிடக்கிறது. அதே தெருவில் பென்ஷனை நம்பி இருக்கும் ஆயாமார் கடையில் பழத்தின் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்புகிறார்கள். கோவிலுக்கு வரும் பெண்கள் சிலர் சேர்ந்து பொது இடத்தில் நூறு பழமரம் நடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, சட்ஸ்வொர்த்

பதில்: நூறு கன்று இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. இருக்கிற மரத்தின் பழத்தை முதலில் பறியுங்கள். இன்றைக்கு நடுகிற ஒட்டு மாங்கன்று கண்ணில் காய் காட்ட மூன்று நான்கு வருஷம் ஆகும். நடைபாதையில் அழுகும் பழம் இந்த டிசம்பரிலேயே இருக்கிறது. அது மட்டுமில்லை. மரம் நடும் நாளில் கூட்டம் வரும், போட்டோவும் எடுப்பார்கள். மழை குறைந்த ஜூன், ஜூலையில் வாளி தூக்கி வர யார் இருப்பார்கள்? இரண்டு பருவம் சேர்ந்து பழம் பறித்துப் பங்கு போட்ட ஆட்கள்தான் அப்போது வருவார்கள். அந்த ஆட்களை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெரு மரங்களைப் பற்றி எனக்கு ஒரு தனி ஆதங்கம் உண்டு. என் அப்பா டர்பனின் கிளேர்வுட்டில் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டவர். இருட்டோடு வண்டி கிளம்பி வார்விக் அவென்யூ சந்தைக்குப் போகும். 1934இல் திறந்த அந்த அதிகாலைச் சந்தையை 2009இல் இடித்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்கள். வியாபாரிகள் விடவில்லை, சந்தை நிற்கிறது. எங்கள் நிலம்தான் நிற்கவில்லை. இனத்துக்கு ஒரு பகுதி என்று மக்களைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, டர்பனில் பல இடங்களில் இருந்த நம் இந்திய ஜனங்களை 1964 முதல் சட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். அந்தக் குன்றுகளில் வாழை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நம்மவர்களின் நிலத்தை எடுத்துத்தான் அந்த வீடுகளையும் கட்டினார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்கள், கைப்பிடி அளவு முற்றம் கிடைத்ததும் ஒரு மாங்கன்றும் கறிவேப்பிலையும் நட்டார்கள். அந்த மரத்தின் பழம் சாக்கடையில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். அக்டோபரில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேராகத் தெருவில் நடங்கள். யார் வீட்டில் என்ன மரம், எப்போது பழுக்கும், பறிக்கச் சம்மதமா, வீட்டில் நாய் உண்டா, மரத்துக்கு மேலே கரண்டுக் கம்பி போகிறதா என்று எழுதுங்கள். பல வீடுகளில் பழம் வீணாகக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. மரத்துக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும், பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பார்கள், தொரட்டி பிடிக்க ஆள் இருக்காது. போய்க் கேட்டால் அநேகம் பேர் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

பங்கை மட்டும் பறிக்கும் முன்பே பேசி முடியுங்கள். கனடாவில் டொரொண்டோ நகரத்தில் ‘நாட் ஃபார் ஃப்ரம் தி ட்ரீ’ என்ற அமைப்பு 2008இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. மரத்துக்காரருக்கு ஒரு பங்கு, பறித்தவர்களுக்கு ஒரு பங்கு, ஊரில் உணவு தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு பங்கு. இதைவிட நியாயமான கணக்கு எனக்குத் தெரியவில்லை. மரத்துக்காரர் கண் முன்னால் தராசில் நிறுத்துப் பிரியுங்கள். அவர் பங்கை வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, விழுந்து கிடக்கும் சருகையும் அழுகலையும் கூட்டி அள்ளிவிட்டு வாருங்கள். அடுத்த வருஷம் அவரே கூப்பிடுவார். அழுகல் கிடந்தால் பழ ஈ பெருகிப் பக்கத்து மரங்களையும் கெடுக்கும் என்பதால், அந்தக் கூட்டல் வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை.

யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். நீளக் கம்பில் கொக்கியும் அதன் கீழே வலைப்பையும் கட்டினால் போதும். மாங்காயைக் காம்பு ஒட்டப் பறித்தால் பால் பீய்ச்சி அடிக்கும், கையில் பட்டால் தோல் பொத்துப்போகும், காய் மேல் வழிந்தால் அந்த இடம் கறுத்து அழுகும். விரல் நீளக் காம்போடு வெட்டி, பிறகு நிழலில் காம்பைக் கிள்ளி, காயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுங்கள். லிச்சி பறித்த பிறகு இனிக்காது. தோலின் முள் படிந்து, முழுச் சிவப்பு வந்த பிறகுதான் கொத்தோடு வெட்ட வேண்டும். டர்பன் வெயிலில் ஒரே நாளில் தோல் பழுப்பாகிவிடும் என்பதால் பறித்த அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சேரட்டும். அவகாடோ நேர் எதிர். மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகு பழுக்க ஒரு வாரம் போல ஆகும், அதனால் நிதானமாகப் பிரித்துக் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு காயை மட்டும் பறித்து அடுப்படியில் வையுங்கள். தோல் சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் மரத்துக் காய் இன்னும் முற்றவில்லை.

கொடுக்கும் விதத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேசை போட்டு, வரிசையில் நிற்கவைத்து, கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவருகிற மாதிரி வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். சரிவின் கீழே தகரக் குடிசைகளில் இருக்கும் ஜூலு குடும்பங்களையும் பறிக்கக் கூப்பிடுங்கள். பறிப்பவர் பங்கு அவர்களுக்கு உரிமையாகவே வரும்.

கேள்வி: டர்பன் பீனிக்ஸில் எங்கள் கோவிலுக்குப் பின்னால் சரிவான காலியிடம் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து மூடிக் கிடந்தபோது ரொட்டிக்கு நின்ற வரிசையை மறக்கவே முடியவில்லை. அதிலிருந்து பழத்தோட்டம் போட வேண்டும் என்கிறோம். கமிட்டியில் சிலர், வேலி போடாவிட்டால் எல்லாம் திருட்டுப்போகும் என்கிறார்கள். என்ன மரம், எப்படி நடுவது?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: தம்பி, உங்கள் பக்கத்தில் எந்த மாதத்தில் பழம் இல்லை என்று முதலில் பாருங்கள். டிசம்பரிலிருந்து மா, லிச்சி. அப்புறம் அவகாடோ. குளிர்காலத்தில் கொய்யாவும் நார்ச்சி என்கிற கமலா ஆரஞ்சும். செப்டம்பர், அக்டோபர், நவம்பரில்தான் கை காயும். அதனால் இன்னும் பத்து மாமரம் நட்டு ஜனவரியில் திணற வேண்டாம். பிந்திக் காய்க்கும் ஹாஸ் அவகாடோ நடுங்கள், அது அக்டோபர் வரை கொடுக்கும். வருஷம் முழுக்கக் கிடைக்கும் வாழையும் பப்பாளியும் அதிகமாக வையுங்கள். பப்பாளி ஒரு வருஷத்துக்குள் பழம் தரும். முருங்கைப் போத்து நட்டுவிட்டால் சில மாதத்திலேயே கீரை பறிக்கலாம். பழமரத்துக்குக் காத்திருக்கும் வருஷங்களில் தோட்டத்துக்கு ஜனங்கள் வந்துபோக இவைதான் காரணமாக இருக்கும்.

கொய்யா, லோக்வாட், மல்பெரி மூன்றும் ஏற்கெனவே நின்றால் பழத்தைத் தாராளமாகப் பறியுங்கள், புதிதாக மட்டும் நடாதீர்கள். மூன்றும் இந்த நாட்டு அரசின் அயல் ஊடுருவித் தாவரப் பட்டியலில் இருக்கின்றன. பறவைகள் கொட்டையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, அங்கே அவை மண்டிவிடுகின்றன.

சரிவின் மேல் பக்கம் அவகாடோவுக்கு. வேரில் தண்ணீர் தேங்கினால் அந்த மரம் வேரழுகி நின்ற நிலையிலேயே செத்துப்போகும். ஈரம் நிற்கும் அடிவாரத்தில் வாழையும் மடும்பி என்கிற சேப்பங்கிழங்கும். மரங்கள் சின்னதாக இருக்கும்வரை நடுவில் தண்டுக்கீரையும் மணத்தக்காளியும் தூவுங்கள். நம் வீட்டுக் கீரைக் குழம்பில் போவதும் ஜூலு வீடுகளில் இமிஃபினோ என்று ஆக்குவதும் இதே செடிகள்தான். எந்த இலையை எப்போது கிள்ளுவது என்று இரண்டு வீட்டுப் பாட்டிமாருக்கும் தெரியும். அவர்களைக் கமிட்டியில் உட்காரவையுங்கள்.

முதல் மழை விழும் அக்டோபர், நவம்பர்தான் நட நல்ல சமயம். மாவும் அவகாடோவும் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள், லிச்சி வைப்பதானால் பதியன். விதையிலிருந்து வளர்த்தால் வருஷக்கணக்கில் காத்திருந்து, என்ன பழம் வரும் என்றும் தெரியாமல் நிற்பீர்கள். கன்றைச் சுற்றிக் கனமாக மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டி வேண்டாம். நிலம் நகராட்சியுடையது என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். 1990இல் தொடங்கிய ‘ஃபுட் அண்ட் ட்ரீஸ் ஃபார் ஆஃப்ரிக்கா’ அமைப்பு பள்ளிகளிலும் ஊர்ப் பொது இடங்களிலும் மரம் நட உதவுகிறது. அவர்களுக்கும் எழுதிப் பாருங்கள்.

வேலி விஷயத்தில் உங்கள் கமிட்டியோடு நான் ஒத்துப்போகவில்லை. பசித்தவர் பறித்துத் தின்னத்தானே நடுகிறீர்கள்? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் பீக்கன் உணவுக் காட்டில் யார் வேண்டுமானாலும் வந்து பறிக்கலாம். மாட்டையும் வண்டியையும் தடுக்க வேண்டுமானால் கம்பிக்குப் பதில் அமதுங்குலு நடுங்கள். இந்தக் கடற்கரைக்கே சொந்தமான முட்செடி, நம் களாச்செடியின் சொந்தக்காரன். அடர்ந்து வளரும், உப்புக்காற்றுக்கு அசையாது. நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் தின்னலாம், ஜாம் காய்ச்சினால் குழந்தைகள் விடமாட்டார்கள். பச்சைக்காயையும் இலையையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஒருவரே வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போவார் என்ற பயம் இருந்தால், பெரிய அறுவடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் வரவழைத்துவிடுங்கள்.

கேள்வி: மாங்காய் பழுக்கும் முன்பே குரங்குகள் வந்து ஒரு கடி கடித்துப் போட்டுவிடுகின்றன. ஏர்கன் வைத்துச் சுடலாமா என்று என் மகன் கேட்கிறான்.
– வாசகி, மெரிபேங்க்

பதில்: கூடவே கூடாது. அடிபட்ட குரங்கு குட்டியோடு எங்கோ கிடந்து நாள்கணக்கில் சாகும், தவறிய குண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் படும். குரங்குக்கு முன்னால் நீங்கள் பறித்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் பிஞ்சும் காயுமாக ஒரு பகுதியை அச்சார் ஊறுகாய்க்கு எடுத்துவிட்டால் மரத்தின் பாரமும் குறையும். மிச்சத்தைப் பழுக்க விடாமல் முற்றிய காயாகப் பறியுங்கள். காம்படியில் தோள் புடைத்திருக்கும், ஒன்றை அறுத்தால் கொட்டையை ஒட்டி மஞ்சள் தட்டியிருக்கும். செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் மூடிவைத்தால் ஒரு வாரத்தில் வாசனை வரும். தொரட்டிக்கு எட்டாத உச்சிக்கிளையைக் குரங்குக்கே விட்டுவிடுங்கள்.