தயமின் குறைந்தால் மூளை பாதிக்குமா?

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் உங்கள் மாமா குடிக்காத நாளிலும் தள்ளாடுகிறார், பேச்சு குழம்புகிறது, வைட்டமின் குறைவுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம். சர்க்கரையை ஆற்றலாக்க மூளைக்குத் தயமின், அதாவது வைட்டமின் B1, வேண்டும். உடலில் இருப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். சரியாகச் சாப்பிடாமல், ரெண்டு துண்டு மரச்சீனியோடு குடிப்பவருக்குச் சீக்கிரம் தீரும். மது அதைக் குடலில் சேரவும் விடாது.

விரலை அவர் கண்முன் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கருவிழி துடித்தால், 1881-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த, தயமின் குறைவால் வரும் மூளை நோயாக இருக்கலாம். அதன் அறிகுறிகளான குழப்பம், தள்ளாட்டம், கண் கோளாறு மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு அப்படி வராது. இன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போங்கள். குடியை மறைக்காமல் சொல்லுங்கள், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுவார்கள். மாத்திரை மட்டும் போதாது. தாமதித்தால் கோர்சகாஃப் நிலை வரலாம்: காலையில் கஞ்சி குடித்ததை மறந்து, நடக்காததை நடந்ததாகச் சொல்வார்.