அடுப்படிக் கேள்வி பதில்: வெந்த பழமும் வீட்டுக் கஸ்டர்டும்

கேள்வி: கொடைக்கானல் பேரிக்காய் வாங்கினோம், கல் மாதிரி இருந்தது. கஸ்டர்டோடு பரிமாறலாம் என்று சர்க்கரைப் பாகில் போட்டு அரை மணி நேரம் வேகவிட்டும் நடுவில் நறுக்கென்றே இருக்கிறது. ஏன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: காய் மேல் குற்றமில்லை, பாகுதான் வேகவிடவில்லை. கெட்டிப் பாகு பழத்திலிருந்து நீரை இழுத்து, சதையை இறுக்கிவிடும். புளிப்பும் அப்படித்தான், பழம் குழைவதைத் தாமதப்படுத்தும். அதனால் கெட்டிக் காயை முதலில் வெறும் தண்ணீரில் வேகவிட வேண்டும்.

அரைக் கிலோ காயைத் தோல் சீவி, நான்காகப் பிளந்து, விதைப் பகுதியைச் செதுக்கி எடுங்கள். கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரில் போட்டு வைத்து, வேகவைக்கும்போது அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 400 மில்லி புதுத் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, 2 கிராம்பு சேர்த்து மூடி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். தளதளவென்று கொதித்தால் வெளிப்பக்கம் கரைந்துபோகும், உள்ளே அப்படியே இருக்கும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கியதும் 100 கிராம் சர்க்கரை போட்டு, மூடாமல் இன்னும் 10 நிமிடம். இறக்கியபின் ஒரு ராத்திரி பாகிலேயே ஊறட்டும். மறுநாள் ருசியே வேறு.

பிளம்ஸுக்கு நேர் எதிர் முறை. அது தானாகவே குழையும் பழம். அரைக் கிலோவுக்கு 125 கிராம் சர்க்கரையும் 50 மில்லி தண்ணீரும் முதலிலேயே சேர்த்து, 6 முதல் 8 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். எந்தப் பழமானாலும் எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியத்தில் புளிப்புப் பழம் நிறம் மாறும், உலோக வாடையும் ஏறும்.

கேள்வி: முட்டை சேர்த்துக் கஸ்டர்ட் காய்ச்சினால் ஒவ்வொரு தடவையும் முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிடுகிறது. வாடை வேறு.
– வாசகர், மேலூர்

பதில்: தீ கூடிவிட்டது. பாலும் சர்க்கரையும் கலந்த மஞ்சள் கரு சுமார் 80 டிகிரி செல்சியஸில் கெட்டிப்படும். 85-ஐத் தாண்டினால் திரிதிரியாகும். இடையில் உள்ள அந்த ஐந்து டிகிரிக்குள் வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

தண்ணீர் கலக்காத பால் அரை லிட்டர், மஞ்சள் கரு 5, சர்க்கரை 60 கிராம், வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன். பாலை ஓரத்தில் குமிழ் வரும்வரை சுட வையுங்கள், பொங்க விடவேண்டாம். மஞ்சள் கருவில் சர்க்கரையைப் போட்ட கையோடு அடித்துவிடுங்கள். கலக்காமல் அப்படியே வைத்தால் சர்க்கரை பட்ட இடம் இறுகி, பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாத மஞ்சள் பொட்டுகளாக நிற்கும். சூடான பாலை ஒரு கரண்டி எடுத்து, கருவை அடித்துக்கொண்டே நூலாக ஊற்றுங்கள். பால்தான் முட்டைக்குள் போகவேண்டும், முட்டை பாலுக்குள் போகக்கூடாது. மீதிப் பாலையும் இப்படியே சேர்த்து, அடி கனத்த பாத்திரத்தில், இருப்பதிலேயே சிறு தீயில், அடியை வழித்து வழித்துக் கிளறுங்கள்.

ஏழெட்டு நிமிடத்தில் மேலே மிதந்த நுரை அடங்கும். அதுதான் முதல் அடையாளம். மரக் கரண்டியைத் தூக்கி அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு ஒழுகி மூடாமல் நின்றால் உடனே இறக்கி, வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் வைத்த கிண்ணத்துக்கு மாற்றுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அதே பாத்திரத்தில் விட்டால் பாத்திரச் சூடே அதைத் திரித்துவிடும். லேசாகப் பொரிப்பொரியாகத் தெரிந்தால் ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மீட்கலாம். முழுசாகத் திரிந்ததை மீட்க வழியில்லை. வாடை பெரும்பாலும் கூட வந்த வெள்ளைக் கரு அதிகம் வெந்ததால் வருவது, சுத்தமாகப் பிரித்தெடுங்கள். மிஞ்சிய வெள்ளைக் கருவுக்கு மதுரைக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், கொத்துப் பரோட்டா இருக்கிறது.

கேள்வி: பயந்துபோய் கார்ன்ஃப்ளாரும் சேர்த்தேன். ராத்திரி கெட்டியாக இருந்தது, காலையில் ஃபிரிட்ஜில் தண்ணீராகிக் கிடக்கிறது.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மஞ்சள் கருவில் மாவைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு. அரைச்சூட்டில் இறக்கினால் அது சாகாமல் ராத்திரி முழுக்க வேலை பார்க்கும். கார்ன்ஃப்ளார் சேர்த்தால் விதி மாறுகிறது. மாவு முட்டையைத் திரியவிடாமல் காப்பதால், கிளறிக்கொண்டே குமிழ் வெடிக்கும் கொதிக்குக் கொண்டுபோய் முழுதாக ஒரு நிமிடம் கொதிக்க விடலாம், விடவும் வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு 4 கருவும் ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரும் போதும். கடையில் ‘சோள மாவு’ என்று கேட்காதீர்கள், மஞ்சள் மக்காச்சோள மாவைத் தந்துவிடப் போகிறார்கள். இன்னொன்று, ருசி பார்த்த எச்சில் கரண்டியைத் திரும்ப உள்ளே விடக்கூடாது. எச்சிலிலும் இதே வகை நொதி இருக்கிறது. கஸ்டர்ட் பவுடரில் செய்தாலும் இது பொருந்தும்.

கேள்வி: கஸ்டர்ட் பவுடரில் முட்டை இருக்கிறதா? வீட்டில் பெரியவர்கள் சைவம்.
– வாசகி, சோழவந்தான்

பதில்: பொதுவாக இருக்காது. கார்ன்ஃப்ளார், நிறம், வாசனை, அவ்வளவுதான். 1837-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் இதை உருவாக்கியதே, தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால்தான். பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அன்னாசியைக் கலந்ததும் கஸ்டர்ட் நீர்த்துக் கசந்துவிட்டது.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: வேகவைக்காத அன்னாசியில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைக்கிறது, கசப்பு அதனால்தான். சர்க்கரையோடு 10 நிமிடம் வேகவைத்து ஆறவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளம்ஸ் மாதிரிப் புளிப்புப் பழமானால் பழம், கஸ்டர்ட் இரண்டும் நன்றாகக் குளிர்ந்தபின், பரிமாறும் நேரத்தில் மட்டும் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் திரியும். கிண்ணத்தில் முதலில் பழம், மேலே கஸ்டர்ட், ஓரமாக ஒரு ஸ்பூன் பாகு. நம்மூர்ச் சித்திரை வெயிலில் முட்டைக் கஸ்டர்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.